அடிவாங்கப் பழகிய அறை

நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றன. ஒரு கல்லூரி மாணவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார். பின்னாலிருந்து ஒருவர் குனிந்து, காது கூசும் வசவுகளை அவர் காதிலேயே சொல்கிறார். இன்னொருவர் சிகரெட் புகையை முகத்தில் ஊதுகிறார். மூன்றாமவர் தலைமயிரைப் பிடித்து இழுத்து, நாற்காலியைக் காலால் தட்டிவிடுகிறார். விழுந்தவர் எழுந்து, நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, மறுபடி உட்கார வேண்டும். கை ஓங்கக் கூடாது. முறைக்கவும் கூடாது. அடித்தவர்களும் அடிவாங்கியவரும் ஒரே வகுப்பு மாணவர்கள்தான். சற்று நேரத்தில் இடம் மாறிக்கொள்வார்கள்.

1959ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். அமெரிக்காவின் தெற்கில், டென்னஸி மாநிலத் தலைநகரான நாஷ்வில். அங்கே கறுப்பின மக்கள் வழிபடும் கிளார்க் மெமோரியல் மெதடிஸ்ட் தேவாலயத்தின் நிலவறையில் செவ்வாய்க்கிழமைதோறும் மாலையில் இந்த ஒத்திகை நடந்தது. நடத்தியவருக்கு வயது 31. கோட்டும் டையும் மூக்குக்கண்ணாடியும் அணிந்து, குரலை உயர்த்தாமல் பேசும் மெதடிஸ்ட் போதகர். பெயர் ஜேம்ஸ் லாசன்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் மார்ட்டின் லூதர் கிங்கின் குரல்தான் நம் காதில் ஒலிக்கும். அது நியாயமே. ஆனால் முதுகில் சிகரெட் நெருப்பை வைத்து அணைத்தபோதும் இருபது வயதுப் பிள்ளைகள் இருக்கையை விட்டு எழாமல் இருந்தார்களே, அது எப்படி முடிந்தது? மன உறுதி, கடவுள் பக்தி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். இரண்டும் அவர்களிடம் இருந்தன. அவை மட்டும் போதவில்லை. சிலம்ப வாத்தியார் வீச்சையும் தடுப்பையும் பழக்குவதுபோல, ஒருவர் உட்கார்ந்து அவர்களுக்கு அதைப் பழக்கினார். அகிம்சை பிறவிக் குணம் என்று லாசன் ஒருநாளும் நம்பவில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை என்றே நம்பினார். அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால், அந்த வித்தையை அவர் எங்கெங்கே பொறுக்கிச் சேர்த்தார் என்பது தெரிகிறது.

அவர் 1928 செப்டம்பர் 22 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் யூனியன்டவுன் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது ஒஹையோ மாநிலத்தின் மாசிலனில். போதகர் பரம்பரை. அப்பாவும் மெதடிஸ்ட் போதகர்தான். ஆனால் மறு கன்னத்தைக் காட்டுகிற ரகம் அல்ல. ஊழியத்துக்குப் போகும் இடமெல்லாம் கறுப்பின உரிமைச் சங்கத்தின் கிளையைத் தொடங்குவார். தெற்கில் இருந்தபோது இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்தவர். அம்மா ஜமைக்காவிலிருந்து வந்தவர். சண்டை என்பதையே ஏற்காதவர். ஒரே வீட்டில் இரண்டு வேதம்.

பத்து வயதுக்குள் இருக்கும். அம்மா சொன்ன வேலையாகக் கடைவீதிக்குப் போனான் சிறுவன் ஜிம்மி. நின்றிருந்த காருக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரக் குழந்தை இனத்தை இழிவாகச் சொல்லிக் கத்தியது. ஜிம்மி ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஓங்கி ஓர் அறை கொடுத்துவிட்டு நடையைக் கட்டினான். வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து நடந்ததை அம்மாவிடம் சொன்னான். அடுப்பைப் பார்த்து நின்றிருந்த அம்மா திரும்பவில்லை. வேலையை நிறுத்தவும் இல்லை. “அடித்தாயே, அதனால் என்ன நன்மை வந்தது?” என்ற பொருளில் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். பிறகு, நாம் யார், நம்மை நேசிக்கிறவர் யார் என்றெல்லாம் மெல்லச் சொல்லிக்கொண்டே போய், இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று முடித்தார். முதுமை வரை லாசன் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் பதிலைவிட அவர் கேட்ட கேள்விதான் இதில் முக்கியம் என்று தோன்றுகிறது. எதிரியை அடிப்பது பாவமா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. அதனால் என்ன நடந்தது என்று கேட்டார். பின்னாளில் நாஷ்வில்லில் லாசன் நடத்திய வகுப்பும் அந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்ந்தது.

கொரியப் போர் வந்தது. கல்லூரி மாணவர், போதகராகப் போகிறவர் என்று விலக்குக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவர் கேட்கவில்லை. கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தையே ஏற்க முடியாது என்று மறுத்தார். 1951இல் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 13 மாதம் மத்தியச் சிறையில் இருந்தார். விலக்கு வாங்கித் தப்பித்துக்கொள்வது வேறு, எதிர்ப்பைச் சொல்லித் தண்டனையை ஏற்பது வேறு என்ற தெளிவு 22 வயதிலேயே அவருக்கு இருந்தது. பத்து ஆண்டு கழித்து அவருடைய மாணவர்கள் ஜாமீன் வேண்டாம் என்று சிறைக்குள் போனபோது, அந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்து முடித்தவர்தான் அவர்களுக்கு வாத்தியாராக இருந்தார்.

சிறையிலிருந்து வந்தவரை மெதடிஸ்ட் சபை இந்தியாவுக்கு அனுப்பியது. 1953 முதல் 1956 வரை அவர் நாக்பூரில் இருந்தார். அப்போது மத்தியப் பிரதேசத்தின் தலைநகரம் நாக்பூர்தான். ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1883இல் தொடங்கிய ஹிஸ்லாப் கல்லூரியில் பாடமும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார். காந்தியின் சேவாகிராமம் அங்கிருந்து வெகு தூரமில்லை. காந்தி இறந்து ஐந்தாறு ஆண்டுகளே ஆகியிருந்தன; அவரோடு நடந்தவர்கள், சிறையில் கிடந்தவர்கள் எங்கும் இருந்தார்கள். அவர்களைத் தேடிப்போய்ப் பேசினார் லாசன். சத்தியாகிரகம் என்பது உபதேசமாக இல்லாமல் எப்படி ஒரு செயல்முறையாக வேலை செய்தது என்பதே அவர் தேடியது. எங்கே தொடங்குவது, யாரைச் சேர்ப்பது, எப்போது பேசுவது, எப்போது சட்டத்தை மீறுவது? காந்தி அந்த முறையைத் தென்னாப்பிரிக்காவில் உருவாக்கியபோது, சிறைக்குப் போய் அதைச் சோதித்துப் பார்த்தவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். சிறையில் பற்றிய காய்ச்சலோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவளுக்கு வயது 16. அந்தத் தமிழர்களின் வியர்வை பட்ட கருவி, நாக்பூர் வழியாகச் சுற்றிக்கொண்டு நாஷ்வில்லுக்குப் போய்ச் சேர்ந்தது.

1955 டிசம்பர். நாக்பூர் டைம்ஸ் பத்திரிகையை விரித்தவர் கண்ணில் ஒரு செய்தி பட்டது. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில் கறுப்பின மக்கள் ஒருவர்கூட நகரப் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போகிறார்கள். தலைவர், கிங் என்ற 26 வயதுப் போதகர். லாசன் கத்திக்கொண்டே துள்ளினார். பக்கத்து அறையில் இருந்தவர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். தான் இத்தனை காலம் தனியாக யோசித்துக்கொண்டிருந்த ஒன்றைத் தன் நாட்டிலேயே ஒரு நகரம் முழுவதும் செய்யத் தொடங்கிவிட்டது.

இரண்டு பேரும் சந்தித்தது 1957 பிப்ரவரி 6 அன்று, ஒஹையோவின் ஓபர்லின் கல்லூரியில். கிங் அங்கே பேச வந்திருந்தார். லாசன் இறையியல் மாணவர். இருவருக்கும் 28 வயது. ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். படிப்பை முடித்துவிட்டுத் தெற்குப் பக்கம் வரலாம் என்று இருக்கிறேன் என்றார் லாசன். படிப்பு முடியட்டும் என்று காத்திருக்காதே, இப்போதே வா, உன்னைப்போல் அங்கே யாரும் இல்லை என்றார் கிங். 1958 ஜனவரியில் லாசன் நாஷ்வில்லுக்கு வந்துவிட்டார். ஃபெலோஷிப் ஆஃப் ரிகன்சிலியேஷன் என்ற அமைதி அமைப்பின் தென்பகுதிப் பணியாளர் என்பது வேலை. கூடவே வாண்டர்பில்ட் பல்கலைக்கழக இறையியல் பிரிவில் மாணவர்.

நாஷ்வில் தன்னைப் பண்பான ஊர் என்று எண்ணிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகங்கள் நிறைந்த ஊர். தெற்கின் ஏதென்ஸ் என்ற பட்டப்பெயரும் உண்டு. கறுப்பினத்தவர் சிலர் நகர்மன்றத்தில்கூட இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் எதை எதிர்ப்பது, எங்கே தொடங்குவது? இதற்குப் பதில் சொன்னது லாசனோ மாணவர்களோ அல்ல. கெல்லி மில்லர் ஸ்மித் என்ற பாப்டிஸ்ட் போதகர் தலைமையில் இயங்கிய நாஷ்வில் கிறிஸ்தவத் தலைமைக் குழு பயிற்சிக்கு ஆட்களைத் திரட்டியது. அதில் சபைகளைச் சேர்ந்த தாய்மார்களும் வந்து உட்கார்ந்தார்கள். நகர நடுவில் இருந்த பெரிய கடைகளைப் பற்றி அவர்கள் பேசினார்கள். துணியோ செருப்போ வாங்கினால் காசை வாங்கிக்கொள்வார்கள். பிள்ளை பசிக்கிறது என்று அழுதால், அதே கடையில் உள்ள சாப்பாட்டு கவுண்டரில் உட்கார முடியாது. கழிப்பறைக்குப் போக முடியாது. கால் வலித்தால் சாய்ந்து நிற்கவும் இடம் கிடையாது. ஏன் நமக்கு மட்டும் இல்லை என்று கேட்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது? போதகர்களுக்கும் மாணவர்களுக்கும் எட்டாதது கைப்பிள்ளையோடு கடைத்தெருவுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி இது. பெயர் பதியாத அந்தப் பெண்கள் கைகாட்டிய இடத்தில்தான் போராட்டம் தொடங்கியது.

வகுப்புக்கு வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் இன்று வியப்பாக இருக்கும். அலபாமாவின் பருத்திக்காட்டிலிருந்து வந்து இறையியல் படித்துக்கொண்டிருந்த ஜான் லூயிஸ், பின்னாளில் 33 ஆண்டுகள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். சிகாகோவில் வளர்ந்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் கழிப்பறை வாசலில் நிறம் எழுதிய பலகையைக் கண்டவர் டயான் நாஷ். பெர்னார்ட் லஃபாயெட், ஜேம்ஸ் பெவல், பிற்பாடு வாஷிங்டன் மேயரான மேரியன் பாரி எல்லோரும் அந்த நிலவறையில் கீழே விழுந்து எழுந்தவர்கள்தான். டயான் நாஷுக்கு முதலில் இதில் நம்பிக்கையே இல்லை. ஊரில் வேறு எதுவும் நடக்கவில்லை என்பதால்தான் வந்தார். சில மாதங்களில் தலைமை தாங்கினார்.

லாசன் சொல்லிக்கொடுத்த வரிசை எளிமையானது. முதலில் நிலவரத்தை ஆராய வேண்டும். பிறகு எதிர்த்தரப்போடு உட்கார்ந்து பேச வேண்டும். பேச்சு பலிக்காதபோதுதான் நேரடிப் போராட்டம். கடைசியில் சமரசம், எதிரி என்று நின்றவரோடு நாளைக்கும் ஒரே ஊரில் வாழ வேண்டுமே. 1959 நவம்பர் 28 அன்று ஹார்வீஸ் கடையிலும் டிசம்பர் 5 அன்று கெய்ன்-ஸ்லோன் கடையிலும் சிறு குழுவாகப் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். பரிமாற மாட்டோம் என்றார்கள். ஏன் என்று மேலாளரிடம் மரியாதையாகக் கேட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். நிலவரம் தெரிந்தது, போதும்.

அதற்குள் 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் கடை கவுண்டரில் உட்கார்ந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். நாஷ்வில் தயாராக இருந்தது. பிப்ரவரி 13, சனிக்கிழமை, தெருவெல்லாம் பனி. ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் 124 மாணவர்கள் இரண்டிரண்டு பேராக நடந்து உல்வொர்த், கிரெஸ், மெக்லெல்லன் கடைகளுக்குள் போனார்கள். சிறு பொருள் ஏதாவது வாங்கினார்கள். கவுண்டரில் உட்கார்ந்தார்கள். புத்தகத்தை விரித்துப் படிக்கத் தொடங்கினார்கள். பரிமாறும் பெண்கள் பதற்றத்தில் தட்டு தட்டாக நழுவவிட்டு உடைத்ததைப் பிற்பாடு டயான் நாஷ் சொல்லியிருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்து மாணவர்கள் எழுந்து போனார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள், அதிகம் பேராக.

பிப்ரவரி 27 அன்று அடி விழும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. லூயிஸும் லஃபாயெட்டும் நடத்தை விதிகளை எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்தார்கள். அடித்தால் திருப்பி அடிக்காதே, திட்டினால் திட்டாதே, சத்தமாகச் சிரிக்காதே, நேராக உட்கார், முகம் கவுண்டரைப் பார்த்து இருக்கட்டும், குழுத் தலைவர் சொல்லாமல் இருக்கையை விட்டு எழாதே என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கும் விதிகள். அன்று வெள்ளை இளைஞர்கள் கூட்டமாக வந்து இழுத்துப் போட்டு மிதித்தார்கள். போலீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வந்து கைது செய்தது, அடிபட்டவர்களை. ஒரு வரிசையை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், காலியான இருக்கைகளில் அடுத்த வரிசை உட்கார்ந்திருந்தது. அதையும் ஏற்றினால் இன்னொரு வரிசை. அன்று கைதானவர்கள் 81 பேர். ஆளுக்கு 50 டாலர் அபராதம் போட்டது நீதிமன்றம். கட்ட மாட்டோம், சிறைக்குப் போகிறோம் என்றார்கள். அவர்கள் தரப்பு வழக்கறிஞர் வாதாடியபோது நீதிபதி முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அந்த நாட்களில் ஒருமுறை கடைக்குள் நடப்பதைப் பார்க்க லாசனும் போயிருந்தார். ஒரு மாணவரைத் தரையில் தள்ளி உதைத்துக்கொண்டிருந்த கும்பலை நோக்கி நடந்தார். கறுப்புத் தோல் சட்டை போட்ட ஓர் இளைஞன் திரும்பி அவர் முகத்தில் காறித் துப்பினான். லாசன் அவனைப் பார்த்து, கைக்குட்டை இருக்கிறதா என்று கேட்டார். என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே அவன் கை தன் சட்டைப்பைக்குப் போய்க் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டது. லாசன் முகத்தைத் துடைத்தார். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். சட்டையைப் பார்த்து, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறாயா என்று கேட்டார். வைத்திருந்தான். அதில் என்னென்ன மாற்றம் செய்தாய் என்று விசாரித்தார். பேச்சு வண்டியின் எந்திரத்துக்குப் போனது. அதற்குள் கீழே கிடந்த மாணவர் எழுந்து தன் வரிசையில் சேர்ந்துகொண்டார். இதைச் சமயோசிதம் என்று மட்டும் சொல்ல மனம் வரவில்லை. துப்பியவன் எதிர்பார்த்தது அடி அல்லது பயம். இரண்டும் வராததால் அவன் கையே அவனுக்குக் கட்டுப்படவில்லை. எதிராளி எழுதி வைத்திருக்கிற நாடகத்தில் நமக்குக் கொடுத்த வேடத்தை நடிக்கக் கூடாது என்பதே நிலவறைப் பயிற்சியின் சாரம்.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் சும்மா இருக்கவில்லை. அதன் அறங்காவலர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டால்மன். நாஷ்வில் பேனர் என்ற நாளிதழின் உரிமையாளர். லாசனைக் கலகக்காரர் என்று பத்திரிகை நாளும் எழுதியது. 1960 மார்ச் 3 அன்று, பட்டம் பெறச் சில மாதங்களே இருந்தபோது, பல்கலைக்கழக வேந்தர் ஹார்வி பிரான்ஸ்கம்ப் அவரை வெளியேற்றினார். மறுநாள் தேவாலயத்துக்கே வந்து போலீஸ் கைது செய்தது. இறையியல் பிரிவின் தலைவரும் பேராசிரியர்களில் பெரும்பாலோரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். லாசன் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய் அதே ஆண்டு பட்டத்தை முடித்தார்.

நகரத்தில் கடைப் புறக்கணிப்பு தொடங்கியிருந்தது. ஈஸ்டர் பண்டிகைக்குப் புது உடுப்பு எடுக்கக் கறுப்பினக் குடும்பங்கள் நகர நடுவுக்கு வரவில்லை. வெள்ளைக்காரர்கள் பலரும் கலவரத்துக்குப் பயந்து வரவில்லை. கடைகள் காற்றாடின. ஏப்ரல் 19 விடியற்காலையில் மாணவர்களின் வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் டைனமைட் வெடித்தது. எதிரே இருந்த மெஹாரி மருத்துவக் கல்லூரியின் ஜன்னல்கள் நூற்றுக்கு மேல் நொறுங்கின. லூபியும் அவர் மனைவியும் உயிர் பிழைத்தது அதிசயம். அன்று மதியத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் நகராட்சிக் கட்டடத்தை நோக்கி நடந்தார்கள். கோஷம் இல்லை, பாட்டு இல்லை. கேட்டது காலடிச் சத்தம் மட்டும். படிக்கட்டில் நின்ற மேயர் பென் வெஸ்டிடம் டயான் நாஷ் நேராகக் கேட்டார்: நிறத்தைப் பார்த்து ஒருவரை ஒதுக்குவது தவறு என்று ஒரு மனிதராக நீங்கள் நினைக்கிறீர்களா? மேயர் தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். மே 10 அன்று ஆறு கடைகளின் கவுண்டர்களில் கறுப்பின மக்களுக்குப் பரிமாறினார்கள்.

அந்த ஏப்ரலிலேயே ராலி நகரில் போராடும் மாணவர்கள் கூடி, மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கினார்கள். அதன் கொள்கை அறிக்கையை எழுதியவர் லாசன். அடுத்த ஆண்டு, மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்துகளில் நிறப் பாகுபாட்டை உடைக்கக் கிளம்பிய விடுதலைப் பயணிகளை வெள்ளையர் கும்பல்கள் தாக்கிப் பேருந்தை எரித்தன. பயணம் அதோடு நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தபோது, நாஷ்வில் மாணவர்கள் போய் ஏறிக்கொண்டார்கள். 1961 மே 24 அன்று மாண்ட்கமரியிலிருந்து மிசிசிப்பியின் ஜாக்சனுக்குப் புறப்பட்ட முதல் பேருந்தில் லாசன் இருந்தார். ஓடும் பேருந்திலேயே வகுப்பு எடுத்தார். இறங்கியதும் கைது. சில ஆண்டுகளில் அந்த மாணவர் குழு அவர் வழியை விட்டு விலகியது. அடிவாங்கி அடிவாங்கி, சகாக்களைப் புதைத்துப் புதைத்துப் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. 1969இல் பெயரிலிருந்த அகிம்சை என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல வசதியாக உட்கார்ந்திருக்கிற நமக்கு உரிமை இல்லை. லாசனும் அவர்களைப் பகைக்கவில்லை. தன் வழியையும் விடவில்லை.

1962 முதல் அவர் மெம்ஃபிஸ் நகரில் செண்டனரி மெதடிஸ்ட் சபையின் போதகர். அங்கே துப்புரவுத் தொழிலாளர்கள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர். ஓட்டை விழுந்த தொட்டிகளில் குப்பையைத் தலையிலும் தோளிலும் சுமப்பார்கள். சாறு கழுத்தில் வழியும், புழு சட்டைக்குள் இறங்கும். முழுநேரம் வேலை பார்த்தும் அரசு உதவி வாங்கும் அளவுக்குத்தான் கூலி. 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்கு வண்டியின் பின்பக்கம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இருவரைக் குப்பை நசுக்கும் எந்திரம் உள்ளே இழுத்துக் கொன்றது. பிப்ரவரி 12 அன்று 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. மேயர் ஹென்றி லோப் பேசவே மறுத்தார். பிப்ரவரி 23 அன்று ஊர்வலத்தில் போலீஸ் கண்ணெரிச்சல் திரவத்தைப் பீய்ச்சியது. முன்னால் நடந்த போதகர்களும் தப்பவில்லை. மறுநாளே போதகர்கள் கூடிப் போராட்டக் குழு அமைத்து லாசனைத் தலைவராக்கினார்கள். ஒருவனை மனிதனே இல்லை என்று நினைப்பதுதான் இனவெறியின் வேர் என்று தொழிலாளர்களிடம் அவர் பேசினார். பிறகு அவர்கள் கழுத்திலும் கையிலும் அட்டைகள் ஏறின: நான் மனிதன்.

லாசன் அழைத்து கிங் வந்தார். மார்ச் 28 ஊர்வலத்தில் நடந்தது லாசனின் வாழ்நாள் வலி. கிங் வரத் தாமதமானது. பள்ளிப் பிள்ளைகளும் இளைஞர்களும் கட்டுக்கடங்காமல் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் யாரும் எந்த நிலவறையிலும் உட்கார்ந்து பழகியவர்கள் அல்லர். ஊர்வலம் நகர்ந்த சற்று நேரத்தில், பின்னால் இருந்த சிலர் நான் மனிதன் என்ற அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு அதன் கழியால் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். லாசன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தைத் திரும்பச் சொன்னார். கிங்கை அங்கிருந்து அப்புறப்படுத்தச் சொன்னார். போலீஸ் சுட்டதில் லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையன் இறந்தான். நாஷ்வில்லில் தெருவில் இறங்கும் முன் பல மாதம் பழகினார்கள். மெம்ஃபிஸில் ஆயிரக்கணக்கானோர் ஒரே காலையில் தெருவுக்கு வந்தார்கள். அகிம்சை தோற்றது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. தோற்றது அது இல்லை. பயிற்சி இல்லாமல் அதை எதிர்பார்த்ததுதான் தோற்றது.

அமைதியாக ஓர் ஊர்வலம் நடத்திக்காட்ட கிங் மறுபடி வந்தார். ஏப்ரல் 3 இரவு மேசன் டெம்பிள் அரங்கில் பேசும்போது லாசனின் பெயரைச் சொல்லி, பல்கலைக்கழகம் துரத்தியும் போராட்டத்தை விடாதவர் என்று பாராட்டினார். மறுநாள் மாலை லொரெய்ன் மோட்டல் மாடியில் கிங் சுடப்பட்டார். ஊர் எரியக்கூடிய அந்த இரவில், வானொலி வழியாக அமைதி காக்கும்படி கேட்டவர் லாசன். ஏப்ரல் 8 அன்று கொரெட்டா கிங் முன்னே நடக்க, பல்லாயிரம் பேர் ஒரு சொல் பேசாமல் மெம்ஃபிஸ் தெருக்களில் நடந்தார்கள். ஒரு கண்ணாடி உடையவில்லை. ஏப்ரல் 16 அன்று நகராட்சி தொழிற்சங்கத்தை அங்கீகரித்தது.

கிங்கைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஜேம்ஸ் எர்ல் ரேயை லாசன் சிறைக்குப் போய்ப் பார்த்தார். கொலையில் வேறு கைகள் இருப்பதாக அவர் நம்பினார். 1978இல் சிறையிலேயே ரேயின் திருமணத்தை நடத்திவைத்ததும் லாசன்தான். நண்பனைக் கொன்றவன் என்று உலகம் சொல்லும் ஒருவனுக்கு மணவாழ்த்துச் சொல்லும் போதகரை அவருடைய தோழர்கள் பலரால் புரிந்துகொள்ள முடியவில்லை. அடிக்கும் வேடமும் அடிவாங்கும் வேடமும் மாறி மாறிப் போட்டுப் பழக்கியவருக்கு அது கடினமாக இருந்திருக்காது.

1974இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஹோல்மன் மெதடிஸ்ட் சபைக்கு மாறி 1999 வரை ஊழியம் செய்தார். ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்கள், இரவில் அலுவலகம் கூட்டும் தொழிலாளர்கள், குடியேறிகள் என்று புதிய மாணவர்கள் வந்தார்கள். அவர்களும் சாலையில் உட்கார்ந்து கைதாகப் பழகினார்கள். ஓய்வுக்குப் பிறகும் தேவாலயத்தில் அந்த வகுப்பை விடாமல் நடத்தினார். வெளியேற்றிய வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2006இல் அவரை வருகைப் பேராசிரியராக அழைத்தது. போனார், அதே வளாகத்தில் அகிம்சையைப் பாடமாக நடத்தினார். இப்போது அங்கே அவர் பெயரில் ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. நாஷ்வில்லில் ஓர் உயர்நிலைப் பள்ளியும் அவர் பெயரைத் தாங்குகிறது. 2024 ஜூன் 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில், 95ஆம் வயதில் அவர் இறந்தார்.

அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 2020 ஜூலை 30 அன்று, அட்லாண்டாவின் எபனேசர் தேவாலயத்தில் ஜான் லூயிஸின் இறுதிச் சடங்கு. முன்னாள் அதிபர்கள் மூவர் பேசினார்கள். 80 வயது மாணவனின் பெட்டிக்கு முன்னால் 91 வயது ஆசிரியர் எழுந்து நின்றார். கொள்ளைநோய்க் காலம், தேவாலயத்தில் இடம்விட்டு இடம்விட்டு உட்கார்ந்திருந்தார்கள். லூயிஸின் நாடாளுமன்றப் பெருமைகளில் லாசன் அதிகம் தங்கவில்லை. அவருடைய பேச்சு 1959ஆம் ஆண்டு இலையுதிர் காலத்துக்கு, கெல்லி மில்லர் ஸ்மித்தும் மற்றவர்களும் கூடி நாஷ்வில் கடைத்தெருவில் கை வைப்பது என்று முடிவெடுத்த நாட்களுக்குத் திரும்பிப் போனது.